ருமேனியத் தெருநாயை வீட்டுக்கு எடுக்கப் போகிறீர்களா? பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் எந்தப் பூங்காவிலும் மாலையில் கொஞ்ச நேரம் நின்றால், இனம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நாய் கண்ணில் படும். நடுத்தர உடம்பு, சுருட்டிய வால், ஆளைக் கண்டால் சற்று ஒதுங்கும் நடை. நம் ஊர்த் தெருநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். கையில் பிடித்திருப்பவரைக் கேட்டால் பெரும்பாலும் 'ருமேனியா' என்பார். சைப்ரஸ், கிரீஸ், ஸ்பெயின், போஸ்னியா என்றும் பதில் வருவதுண்டு. ஆனால் ருமேனியாவைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

நிரந்தர வீடு கிடைக்கும்வரை இப்படிப்பட்ட நாய்களை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே அதை ஃபாஸ்டர் என்பார்கள். அதனால் நாய் எடுக்க நினைக்கும் நம்மவர்கள் போன் செய்து கேட்பார்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். இங்கிலாந்து விதிகளை வைத்தே எழுதுகிறேன். வட அயர்லாந்துக்கு விதிகள் வேறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: படத்தைப் பார்த்து நாய் எடுக்காதீர்கள். ருமேனியாவில் ஒரு கூண்டுக்குள் எடுத்த படத்தையும் 'ரொம்ப அன்பானவன், குழந்தைகளோடு ஒட்டிக்கொள்வான்' என்ற இரண்டு வரியையும் நம்பி, வேனிலிருந்து நேராக வீட்டுக்குள் இறக்கிக்கொள்வது முதல் முறை நாய் வளர்ப்பவர்களுக்கான வழி இல்லை. ஏற்கெனவே பிரிட்டனுக்கு வந்து, ஒரு ஃபாஸ்டர் வீட்டில் சில வாரங்களாவது இருந்த நாயை நேரில் போய்ப் பார்த்து எடுங்கள். நான் எழுதப்போவதில் பாதி இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

எங்கிருந்து வருகின்றன

1980களில் ருமேனியாவின் கம்யூனிச சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சியில் தலைநகர் புக்கரெஸ்டிலும் மற்ற நகரங்களிலும் தனி வீடுகளை இடித்து மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். முற்றத்தில் கிடந்த நாய்களுக்கு அடுக்குமாடியில் இடமில்லை. தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள், அவை பெருகின. 2013 செப்டம்பரில் புக்கரெஸ்டில் 4 வயதுச் சிறுவன் ஒருவனைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. அந்த மாதமே ஒரு சட்டம் வந்தது. நகராட்சிக் காப்பகத்துக்குப் பிடித்துப்போகும் நாயை 14 வேலை நாட்களுக்குள் யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால் கொன்றுவிடலாம் என்றது. அந்தக் கெடுவுக்குள் வெளியே எடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில்தான் அங்குள்ள தன்னார்வலர்கள் நாய்களைத் தனியார் காப்பகங்களுக்கு மாற்றி, ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் அனுப்புகிறார்கள்.

இந்தக் கதை உங்களுக்கு எதற்கு என்றால், உங்கள் நாய் எந்த மாதிரி வாழ்க்கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அது உங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்பது அமையும். கடைத்தெருவில் ஆட்களோடு ஆட்களாகத் திரிந்து, இறைச்சிக் கடைக்காரர் போட்ட துண்டைத் தின்று வளர்ந்த நாய் பல நேரம் சுலபமாகப் பழகிவிடும். மனிதர்களை அது நன்றாகப் படித்திருக்கிறது. காப்பகக் கூண்டிலேயே பிறந்து, சிமென்ட் தரையையும் கம்பியையும் தவிர வேறெதையும் காணாத நாய்தான் கஷ்டம்.

'அப்படியென்றால் குட்டியாக எடுத்துக்கொள்கிறோம், நம் பழக்கத்துக்கு வளர்த்துவிடலாம்' என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தில் முடிகிறது. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு முன்னால் போட முடியாது. அதன்பின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே சட்டப்படி வரும் குட்டி எதுவும் 15 வாரத்துக்குக் குறைந்ததாக இருக்காது. உங்கள் கைக்கு வரும்போது அந்தப் பருவம் கூண்டுக்குள்ளேயே கழிந்திருக்கும். யாராவது 10 வாரக் குட்டியை அனுப்பித் தருகிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், அது சட்டவிரோதம்.

இன்னொன்று, ருமேனிய மலைகளில் ஆட்டுக் கிடைகளை ஓநாயிடமிருந்தும் கரடியிடமிருந்தும் காக்கும் பெரிய நாய்கள் உண்டு: கார்பேத்தியன், மியோரிட்டிக், புக்கோவினா. இவற்றின் ரத்தம் கலந்த குட்டிகள் பஞ்சுப்பொதி போல இருக்கும், படத்தைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஒன்றரை, இரண்டு வயதில்தான் காவல் குணம் முழுதாக வெளியே வரும். அப்போது விருந்தாளி, தபால்காரர், பக்கத்து வீட்டுப் பூனை எல்லாமே எதிரி. பாதம் பெரிதாக, எலும்பு கனமாக இருக்கும் குட்டியைக் கண்டால் 'இதில் காவல் நாய் ரத்தம் உண்டா?' என்று கேட்டே ஆக வேண்டும்.

அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

ஸ்காட்லாந்தில் 2021 முதல் விலங்கு மறுவாழ்வு அமைப்புகளுக்கு உரிமம் தேவை. இங்கிலாந்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு ஃபேஸ்புக் பக்கமும் வேன்காரர் நம்பரும் இருந்தால் யாரும் 'மீட்பு அமைப்பு' ஆகிவிடலாம். மிக நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், வியாபாரமாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கும் படங்களை வைத்துப் பிரித்தறிய முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறக்கட்டளைப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் அவர்கள் கணக்கையும் பார்க்கலாம். அப்புறம் முக்கியமான கேள்வி: நாய் ஒத்துவராவிட்டால் யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், எத்தனை நாளில், எங்கே வைப்பார்கள்? நல்ல அமைப்பு நாயின் ஆயுள் முழுக்கத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும். 'அப்படியெல்லாம் நடக்காது, கவலைப்படாதீர்கள்' என்று சமாளித்தால், நள்ளிரவில் பிரச்சினை வரும்போது அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள் என்று அர்த்தம். பிரிட்டனுக்குள் அவர்களுக்கு ஃபாஸ்டர் வீடுகள் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. நாயை வைக்க இடம் வேண்டுமே.

உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்களா, வேலிக் கதவைத் தள்ளிப் பார்க்கிறார்களா, உங்களிடம் சங்கடமான கேள்விகள் கேட்கிறார்களா என்றும் கவனியுங்கள். எதுவும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு நாள் குறிப்பவர்களைவிட, ஒரு மணி நேரம் குடைந்து எடுத்துவிட்டு 'உங்களுக்கு இந்த நாய் சரிவராது' என்பவர்கள் எவ்வளவோ மேல். தத்தெடுப்புக் கட்டணம் சில நூறு பவுண்டு வரும். தடுப்பூசி, கருத்தடை, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப், வேன் பயணம் எல்லாம் சேர்த்தால் அது நியாயமான தொகைதான்.

காகிதங்கள்

உங்கள் சொந்த நாயோடு நீங்கள் பயணம் செய்வதற்கு ஒரு விதி, இன்னொருவருக்குக் கைமாறப்போகும் நாயைக் கொண்டுவருவதற்கு வேறு விதி. இலவசமாகவே கொடுத்தாலும், தொண்டு அமைப்பே கொண்டுவந்தாலும், கைமாறும் நாய் வணிக இறக்குமதிதான். அதற்கு மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, பாஸ்போர்ட், புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்துக் கொடுத்த உடல்நலச் சான்றிதழ், பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்த நாடாப்புழு மருந்து ஆகியவை வேண்டும். இந்த நாடாப்புழு வகை பிரிட்டனில் இல்லை, அதை வரவிடக்கூடாது என்பதால் அந்த மருந்தில் மிகக் கறார். இறக்குமதி செய்பவர் ஐபாஃப்ஸ் என்ற அரசு இணைய முறையில் முன்கூட்டியே அறிவித்திருக்கவும் வேண்டும். 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்பதால் வேன்காரருக்கு அதற்கான அனுமதி இருக்க வேண்டும்.

இதெல்லாம் அமைப்பின் வேலை. ஆனால் பிரதிகளைக் கேட்டு வாங்கிவைப்பது உங்கள் வேலை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் சிப் எண்ணும் நாயின் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்பதை முதல் மருத்துவப் பரிசோதனையிலேயே பார்த்துவிடுங்கள். 15 இலக்க எண். 642 என்று தொடங்கினால் அது ருமேனியாவுக்கான குறியீடு. அங்குள்ள பதிவேட்டில் இருப்பது இங்கே போதாது. 30 நாட்களுக்குள் பிரிட்டன் பதிவேடு ஒன்றில் உங்கள் பெயரிலும் முகவரியிலும் பதிய வேண்டும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு இது கட்டாயம்.

2022 மே மாதம் ரேபிஸ் அச்சத்தால் ருமேனியா, போலந்து, உக்ரைன், பெலாரஸ் ஆகிய நாடுகளிலிருந்து வணிக முறையில் நாய்கள் வருவதைப் பிரிட்டன் திடீரென்று நிறுத்தியது. பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் தவித்தன. இந்த விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறும். போன வருடம் எடுத்த நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் அரசுத் தளத்தைப் பாருங்கள்.

நோய்கள்: இங்கேதான் நிதானிக்க வேண்டும்

பிரிட்டன் கால்நடை மருத்துவர் சங்கம் இப்படி வரும் நாய்களுக்கு 'ட்ரோஜன் நாய்கள்' என்று பெயர் வைத்திருக்கிறது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், உள்ளே என்ன வருகிறதென்று தெரியாது என்ற பொருளில். பெயர் கடுமையாகத் தோன்றலாம், காரணம் உண்மைதான்.

முதலில் புரூசெல்லா கேனிஸ். நாய்களுக்கு வரும் ஒரு பாக்டீரியா நோய். கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, முதுகுத்தண்டு வலி, நொண்டல் என்று வரலாம். எந்த அறிகுறியும் இல்லாமலேயே பல நாய்கள் சுமந்துகொண்டிருக்கும். முக்கியமாகப் பிரசவத்தில் வெளியாகும் நீரிலிருந்து பரவும், சிறுநீரிலிருந்தும் பரவலாம். மனிதர்களுக்கு வருவது அரிது, ஆனால் பிரிட்டனிலேயே வந்திருக்கிறது. 2021 முதல் நாய்களில் கண்டறியப்பட்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது. ருமேனியாவிலிருந்து வந்த நாய்களில்தான் இங்கே பெரும்பாலும் தெரியவந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், முழுதாகக் குணமாகும் என்று உறுதி சொல்லக்கூடிய சிகிச்சை இதற்கு இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் திரும்ப வரலாம். 'பாசிட்டிவ்' என்று வந்தால் ஆயுள் முழுக்கக் கட்டுப்பாடுகளோடு வைத்திருப்பதா, கருணைக்கொலையா என்று குடும்பம் முடிவெடுக்க வேண்டிவரும். ஆகவே அங்கிருந்து கிளம்பும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, வந்து 3 மாதம் கழித்து மறுபடியும் ஒன்று. முதல் பரிசோதனையின் அறிக்கையைக் கையில் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். 'டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு' என்ற வாய்வார்த்தை அறிக்கை ஆகாது. எந்த ஆய்வகம், எந்தத் தேதி, எந்தச் சிப் எண் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நாய்க்கு இந்த அறிக்கை இல்லாமல் அறுவை சிகிச்சை செய்யத் தயங்கும் கிளினிக்குகளும் உண்டு. வீட்டில் கர்ப்பிணியோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ இருந்தால் இரண்டாவது பரிசோதனையும் முடிந்த நாயைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஃபாஸ்டர் வீட்டில் இருந்த நாயை எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து இதயப் புழு. கொசு கடித்துப் பரவுவது. புழு வளர்ந்து பரிசோதனையில் தெரிய சுமார் 6 மாதம் ஆகும், ஆகவே இன்றைய 'நெகட்டிவ்' முழு உத்தரவாதம் இல்லை. உண்ணிகளால் வரும் பேபிசியா, எர்லிக்கியா போன்றவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். 2016ல் எசெக்ஸில் ஹார்லோ பகுதியில், வெளிநாடே போகாத நாய்களுக்குப் பேபிசியா வந்தது. உள்ளூர் உண்ணிகளிலேயே அது இருந்தது தெரிந்து எல்லோரும் அதிர்ந்தார்கள். வந்த நாயின் உடம்பில் உண்ணி இருந்தால் பிடுங்கிக் குப்பையில் போடாமல், ஒரு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ் நாய் என்றால் லீஷ்மேனியாவைத்தான் முதலில் கேட்க வேண்டும். மணல் ஈ கடித்துப் பரவும் நோய். தொற்றி வருடக்கணக்கில் கழித்தும் வெளிப்படலாம், வந்தால் ஆயுளுக்கும் மருந்து.

நாய்க்கான காப்பீடு எடுப்பீர்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு அது பணம் தராது. ஒப்பந்தத்தில் வெளிநாட்டு நாய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பொடி எழுத்தையும் படியுங்கள்.

வீட்டைத் தயார் செய்வது

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தோட்ட வேலி 6 அடி உயரம் இருக்க வேண்டும், அடியில் இடைவெளி கூடாது. தெருநாய் நம் வீட்டு லாப்ரடார் இல்லை. வேலியைக் கண்டால் அது ஏறுமா, தோண்டுமா என்று நாம் யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் நிற்கும். குப்பைத் தொட்டி, பெஞ்சு எதையும் வேலியோரம் வைக்காதீர்கள், அவை படிக்கட்டு. வாசல் கதவுக்கு உள்ளே ஒரு குழந்தைத் தடுப்புக் கதவு போடுங்கள். நாய் தப்புவது பெரும்பாலும் பார்சல்காரருக்குக் கதவைத் திறக்கும் அந்த அரை நிமிடத்தில்தான்.

சாதாரணக் கழுத்துப்பட்டை மட்டும் போதாது. பயந்த நாய் பின்னால் இழுத்தால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். விலா எலும்புக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பட்டை போகும் ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) வாங்குங்கள், அதிலிருந்து பின்வாங்கி உருவ முடியாது. அதில் ஒரு லீட் (பிடிகயிறு), இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டையில் இன்னொரு லீட். இரண்டையும் கையில் பிடித்தே நடக்க வேண்டும். பட்டையில் உங்கள் பெயர், முகவரி பொறித்த வில்லை சட்டப்படி கட்டாயம், போன் நம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கருவி ஒன்றையும் மாட்டிவிட்டால் நல்லது.

வந்து இறங்கும் நாள்

வேன் ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ் என்று தாண்டி, கலேயிலிருந்து கடல் கடந்து வரும். நெடுஞ்சாலையோர வண்டி நிறுத்தத்தில் விடியற்காலையில் ஒப்படைப்பார்கள். ஒரு முறை கென்ட் பக்கம் போயிருந்தபோது பார்த்த காட்சி இது. வேன் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது சிறுநீரும் ஈர வைக்கோலும் கலந்த வாடை. கூண்டுக் கதவை முழுதாகத் திறக்காமல், கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உள்ளே வைத்தே இரண்டு கயிறுகளைக் கழுத்தில் மாட்டினார் ஓட்டுநர். அதன் பிறகே நாயைத் தூக்கினார். அது தரையைத் தொடவே இல்லை. அவர் கையிலிருந்து நேராக என் காருக்குள் இருந்த கூண்டுக்குப் போனது. பக்கத்து வண்டிக்காரர் மகிழ்ச்சியில் தன் நாயைக் கீழே இறக்கிக் கொஞ்சப் போனார். ஓட்டுநர் போட்ட அதட்டலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த அதட்டல் நியாயமானது. அந்த இடத்தில் கயிறு நழுவினால் அடுத்தது மோட்டார்வே.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டாதீர்கள். நாற்றம் அடிக்கத்தான் செய்யும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். வரவேற்கச் சொந்தபந்தங்களைக் கூப்பிடாதீர்கள். குழந்தைகளைக் கட்டிப்பிடிக்க விடாதீர்கள். ஒரு அறையின் மூலையில் படுக்கை, தண்ணீர், மேலே ஒரு போர்வை போட்ட கூண்டு. கூண்டின் கதவைத் திறந்தே வையுங்கள். அவ்வளவு போதும்.

முதல் வாரங்கள்

இங்கே எல்லோரும் '3-3-3' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பதற்றம் அடங்க 3 நாள், வீட்டின் ஒழுங்கு பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று உணர 3 மாதம். கணக்காக எடுத்துக்கொள்ளாமல், பொறுமைக்கு ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் பிறந்த நாய்க்கு வருடமும் ஆகலாம்.

முதலில் அது ஒன்றுமே செய்யாமல் இருக்கும். சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருக்கும். நாம் பார்க்கும்போது சாப்பிடாது. இரவில் விளக்கணைத்த பிறகு கிண்ணம் நகரும் சத்தம் கேட்கும், காலையில் பார்த்தால் காலியாக இருக்கும். சில நாய்கள் ஒரு நாளுக்கு மேலும் சிறுநீர் கழிக்காமல் அடக்கிக்கொள்ளும். அதைக் கண்டு பயந்து தோட்டத்துக்கு இழுத்துப்போக வேண்டாம். பின்கதவைத் திறந்துவைத்து, நீண்ட கயிற்றை மட்டும் ஹார்னஸில் மாட்டி, நீங்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உட்காருங்கள். வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் முதல் சில வாரங்கள் தோட்டத்திலும் அந்தக் கயிறு இருக்கட்டும்.

வீடு என்பதே அதற்குப் புதிது. மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது, நேராகப் போய் முட்டும். துவைக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கியதும் அலறியடித்து ஓடும். நம் வீடுகளில் குக்கர் விசில் ஒரு தனிச் சோதனை. முதல் வாரத்தில் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் கெட்டுப்போகாது.

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். 'கிட்ட வராதே' என்று சொல்ல அதற்கு இருக்கும் ஒரே நாகரிகமான வழி உறுமல். அதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். சட்டமும் தெரிந்திருக்கட்டும்: நாய் அடங்காமல் ஆளை அச்சுறுத்துவது பொது இடத்தில் மட்டும் குற்றம் என்று இருந்தது, 2014 முதல் உங்கள் சொந்த வீட்டுக்குள்ளும் குற்றம். நாலு பேர் வந்து போகும் வீடு நம்முடையது. ஆட்கள் வரும்போது நாய்க்குத் தனி அறை, மூடிய கதவு. யாராவது 'நாய்ங்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டு அந்தக் கதவைத் திறக்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள், பெரியவராக இருந்தாலும் சரி.

சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். சாம்பார் ஊற்றிய சோறு, ரசம் சோறு எதுவும் போடக் கூடாது. பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஊரில் நாய் எல்லாம் தின்றதே என்று பாட்டி கேட்பார். ஊர் நாய்க்கு என்ன ஆனது என்று அங்கே யாரும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தப்பி ஓடினால்

துரத்தாதீர்கள், பேர் சொல்லிக் கத்தாதீர்கள். அந்தப் பெயர் அதற்கு இன்னும் தெரியாது, ஓடிவரும் மனிதர்களைத்தான் தெரியும், நாய் பிடிக்கும் ஆட்கள் அப்படித்தான் வந்தார்கள். கண்ணெதிரே நின்றால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, வறுத்த கோழித் துண்டுகளைப் போடுங்கள். கண்ணில் படவில்லை என்றால் உடனே அமைப்பு, மாநகராட்சி நாய்க் காப்பாளர், சுற்றியுள்ள கிளினிக்குகள், சிப் பதிவேடு எல்லோருக்கும் சொல்லுங்கள். டாக்லாஸ்ட் என்ற தன்னார்வ அமைப்பு இதில் கைதேர்ந்தது. சுவரொட்டியில் 'பிடிக்க முயலாதீர்கள், துரத்தாதீர்கள், பார்த்த இடத்தைப் போனில் சொல்லுங்கள்' என்று பெரிதாகப் போடுங்கள். தப்பிய இடத்துக்கு அருகில் உங்கள் வாடை உள்ள துணியும் உணவும் வைத்தால், ஆள் நடமாட்டம் அடங்கிய பின் நாய் திரும்பி வருவது உண்டு. ஊர்கூடித் தேடினால் இன்னும் தூரம் ஓடிவிடும். மாநகராட்சி பிடித்தால் 7 நாட்கள் வைத்திருப்பார்கள், அதன் பிறகு வேறு வீட்டுக்குக் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

முதலில் ஃபாஸ்டராக இருந்து பார்க்கலாமே

எடுப்பதா வேண்டாமா என்று தவிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரும்பாலான அமைப்புகள் மருத்துவச் செலவை ஏற்கும், சில உணவையும் தரும். நீங்கள் தருவது இடமும் நேரமும். யார் எதற்குப் பணம் கட்டுவது, அவசரத்துக்கு எந்த கிளினிக், நாய் யாரையாவது கடித்தால் காப்பீடு யாருடையது என்பதை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டரின் உண்மையான வேலை குறிப்பெடுப்பது. படியில் ஏறுகிறதா, ஆண்களைக் கண்டால் நடுங்குகிறதா, பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது, தனியாக விட்டால் எத்தனை நிமிடத்தில் அழத் தொடங்குகிறது, சாப்பிடும்போது கிட்டப்போனால் உடம்பு விறைக்கிறதா. ருமேனியக் கூண்டில் நின்று யாரும் இதைச் சொல்ல முடியாது. கசப்பானதையும் மறைக்காமல் எழுதுங்கள். இனிப்பாக எழுதி அனுப்பிய நாய்தான் இரண்டு மாதத்தில் திரும்பி வரும். போகும்போது அழுகை வரத்தான் செய்யும். வருபவர்களுக்கு முன்னால் அழாமல் இருந்தால் போதும்.

தீபாவளியும் ஊர்ப் பயணமும்

அக்டோபர், நவம்பரில் புதிதாக நாய் எடுக்காதீர்கள். தீபாவளியும் நவம்பர் 5 பான்ஃபயர் இரவும் ஒட்டி வருவதால் வாரக்கணக்கில் வெடிச்சத்தம். இங்கே இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கத் தடை, ஆனால் தீபாவளி இரவு 1 மணிவரையிலும் பான்ஃபயர் இரவு 12 மணிவரையிலும் அனுமதி. ஏற்கெனவே நாய் இருந்தால் செப்டம்பரிலேயே மருத்துவரிடம் பேசுங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்து வேறு, அசையவிடாமல் மயக்கத்தில் கிடத்தும் மருந்து வேறு, எது என்று கேட்டு வாங்குங்கள். அந்த வாரங்களில் இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவீர்களே, அப்போது நாய் எங்கே இருக்கும்? இதற்குப் பதில் இல்லாமல் எடுக்க வேண்டாம். கூண்டிலிருந்து வந்த நாயைத் திரும்பக் கென்னல் என்ற நாய் விடுதியின் கூண்டில் விட்டுவிட்டுப் போனால் அதுவரை நடந்த முன்னேற்றம் அவ்வளவும் போய்விடும். வீட்டிலேயே வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை மாதக்கணக்கில் முன்பாகவே பழக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் தெருமுனையில் பழகிய நாயைக் கையோடு கூட்டிவர நினைப்பவர்களும் உண்டு. முடியும், ஆனால் ருமேனியா போல 21 நாளில் முடியாது. நாய்களைச் சுலபமான விதியில் வரவிடும் நாடுகள் என்று பிரிட்டன் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. சிப் வைத்து, ரேபிஸ் ஊசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் 0.5 அலகு அல்லது அதற்கு மேல் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று காட்டி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். நாடாப்புழு மருந்தும் சான்றிதழும் அதற்கு மேல். விமானத்தில் சரக்காகத்தான் பிரிட்டனுக்குள் வர முடியும், நீங்களும் 5 நாட்களுக்குள் பயணம் செய்யாவிட்டால் வணிக இறக்குமதி விதி வந்துவிடும். ஆகவே ஆகஸ்டில் போய் ஆகஸ்டிலேயே கூட்டிவருவது நடக்காது. இந்தப் பயணத்தில் சிப்பும் ஊசியும் போட்டு, நம்பகமான ஒருவரிடம் விட்டு, ரத்தப் பரிசோதனையை அவர் வழியாக எடுத்துவிட்டு, அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடும்போது நாய்க்கும் சேர்த்துத் தேதி பாருங்கள்.